‘உம்முடைய துவக்கம்’ என்று சொன்னவர் யார்?

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் யோபு 8:7 தெரியாதவர்கள் குறைவு. “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” கடைத் திறப்பு அழைப்பிதழில் இருக்கும். வீடு பிரதிஷ்டைப் பத்திரிகையில் இருக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இருக்கும். வியாபாரம் படுத்துவிட்டது, வேலை போய்விட்டது, ஸ்கேன் ரிப்போர்ட் சரியில்லை என்று கேள்விப்பட்டதும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்புவதும் பெரும்பாலும் இதைத்தான்.

அந்த வாக்கியத்தைத் தேவன் சொல்லவில்லை. சொன்னவர் பில்தாத், யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்த தகப்பன். வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்றில் மூத்த மகனின் வீடு இடிந்து விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். மேற்சொன்ன வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால், 8:4இல், பில்தாத் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறார். அவர்கள் பாவம் செய்திருந்தால் அந்தப் பாவத்தின் கையிலேயே தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டார். நீர் சுத்தமானவராக இருந்தால் உமக்கு நல்லது நடக்கும் என்பது அவருடைய வாதம். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் ஏழாம் வசனம். இறந்த பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றிவிட்டு, உயிரோடிருக்கும் தகப்பனுக்குக் காட்டிய ஆசை வார்த்தை அது.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் வாசகருக்கு எபிரெயு தெரிய வேண்டியதில்லை. சபைகளில் பரவலாக வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் தேவன் மனிதரோடு பேசும்போது ‘நீ’, ‘உன்’ என்றுதான் பேசுவார். யோபுவிடம் அவர் நேரடியாகப் பேசும் 38ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: “நீ எங்கேயிருந்தாய்?” மனிதர் தேவனிடமும் மதிப்புக்குரிய மனிதரிடமும் பேசும்போதுதான் ‘நீர்’, ‘உம்முடைய’ வரும். ஆகவே ‘உம்முடைய துவக்கம்’ என்ற சொல்லே, பேசுகிறவர் ஒரு மனிதர் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில அட்டைகளில் அதை ‘உன் துவக்கம்’ என்று மாற்றி அச்சடிக்கிறார்கள். இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது.

இதே வரிசையில் யோபு புத்தகத்திலிருந்தே இன்னும் இரண்டு: “நீர் அவரோடே பழகி சமாதானமாயிரும், அதினால் உமக்கு நன்மைவரும்” (22:21), “நீர் ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்” (22:28). இரண்டும் காலண்டர்களில் அடிக்கடி வருபவை. இரண்டையும் சொன்னவர் அந்த மூன்று நண்பர்களில் இன்னொருவரான எலிப்பாஸ். புத்தகத்தின் முடிவில், 42:7இல், தேவன் கோபம் கொள்வது அந்த எலிப்பாஸ் மேலும் அவருடைய இரண்டு சிநேகிதர் மேலும்தான். என்னைக் குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார்.

நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. நண்பர்கள் சொன்ன எல்லாமே பொய் என்று தள்ளிவிட முடியாது. 1 கொரிந்தியர் 3:19இல் பவுல் வேதவாக்கியமாக எடுத்துக் காட்டுவது எலிப்பாஸின் ஒரு வரியைத்தான் (யோபு 5:13). யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாக இருந்தது என்று 42:12 சொல்வதும் உண்மை. நண்பர்களின் வாக்கியங்கள் பலவும் தனியாகப் படித்தால் நல்ல உபதேசம்தான். யாரிடம், எந்த நேரத்தில், எதை நிரூபிப்பதற்காகச் சொன்னார்கள் என்பதில்தான் தவறு. அவர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் (2:13) சரியாகவே இருந்தார்கள்.

நெருக்கடியில் பைபிள் வாசிப்பு எங்கே சறுக்குகிறது என்று கேட்டால், என் பதில் இதுதான்: அதிகாரம் கழன்றுபோய் வசனம் மட்டும் கையில் மிஞ்சும்போது. பயத்தில் இருப்பவரால் நீளமாக வாசிக்க முடியாது, கண் ஒரு வரியைத்தான் பிடிக்கும். அது இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நீட்டுபவர், அதாவது செய்தி கொடுப்பவர், ஜெபக்கூட்டம் நடத்துபவர், ஸ்டேட்டஸ் போடுபவர், முழு அதிகாரத்தையும் வாசித்திருக்க வேண்டும்.

கொள்ளைநோய்க் காலம் என்றால் கை தானாகப் போவது சங்கீதம் 91க்கு. பதினாறு வசனம். “உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது” என்ற ஏழாம் வசனமும், “வாதை உன் கூடாரத்தை அணுகாது” என்ற பத்தாம் வசனமும் அதன் உச்சி. இந்தச் சங்கீதத்தைக் காவலாகக் கட்டிக்கொள்வது இன்று நேற்று வந்ததல்ல. சாக்கடலோரம் கும்ரானில் கிடைத்த ஒரு சுருளில், பேய்களை விரட்டும் பாடல்களோடு இதுவும் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பழைய கிறிஸ்தவத் தாயத்துகளிலும் அடிக்கடி காணப்படுவது இதன் தொடக்க வரிகள். நம்மிடையே தலையணைக்கடியில் பைபிளை இந்தப் பக்கத்தில் திறந்துவைத்துத் தூங்குபவர்கள் அந்த நீண்ட வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வேதத்துக்குள்ளேயே இந்தச் சங்கீதத்தை வேறொருவர் மேற்கோள் காட்டுவது ஒரே ஒரு சம்பவத்தில்தான்: தேவாலய உப்பரிகையில், தூதர்கள் தாங்குவார்கள், கீழே குதியும் என்று இயேசுவைச் சோதிக்கும் பிசாசின் வாயால். லூக்கா 4:10ஐயும் சங்கீதம் 91:11ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் விடுபட்டிருப்பது தெரியும். வழியில் நடப்பவனைக் காப்பது ஒன்று. உயரத்திலிருந்து குதித்துப் பார்ப்பவனைத் தாங்குவது வேறொன்று. இயேசு அதற்கு உபாகமம் 6:16ஐ எடுத்துப் பதில் சொல்கிறார்: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக. ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தால் எடைபோடுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. சங்கீதத்தின் கடைசிப் பகுதியையும் விடக்கூடாது. 14 முதல் 16 வரை பேசுகிறவர் மாறுகிறார், தேவனே பேசத் தொடங்குகிறார். அங்கே அவர் சொல்வது “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்பது. ஆபத்து வராது என்று அவர் சொல்லவில்லை; வந்த ஆபத்துக்குள் கூட இருப்பதாகச் சொல்கிறார். பத்தாம் வசனத்தை வாசித்தவர் பதினைந்தாம் வசனத்துக்கும் வந்து சேர வேண்டும்.

வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை வட ஆப்பிரிக்காவின் மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் சபை பார்த்தது. 252ஆம் ஆண்டையொட்டி அங்கே கொள்ளைநோய் பரவியது. ‘நாம் விசுவாசிகள், நமக்கும் ஏன் அவிசுவாசிகளைப்போலவே வருகிறது?’ என்று சபையார் கலங்கினார்கள். பிஷப் சிப்ரியான் அவர்களுக்கு எழுதிய பதில் நேரானது. விளைச்சல் பொய்த்தால் பஞ்சம் எல்லாருக்கும்தான். மழை நின்றால் வறட்சி எல்லாருக்கும்தான். பாறையில் மோதிய கப்பலில் இருக்கும் அத்தனை பேரும்தான் மூழ்குவார்கள். கண்நோவும் காய்ச்சலும் இந்த உடம்பில் இருக்கும்வரை நமக்கும் உண்டு. விசுவாசம் என்பது நோய்க்கான விதிவிலக்கு என்று அவர் போதிக்கவில்லை. அப்படிப் போதித்திருந்தால், முதல் மரணத்தோடு சபையின் விசுவாசமும் சேர்ந்து அடக்கமாகியிருக்கும். இறந்தவரின் வீட்டாருக்கு இரட்டைச் சுமை: ஆளும் போயாயிற்று, ‘விசுவாசம் குறைவு’ என்ற பழியும் வந்தாயிற்று.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது சாக்சனி இளவரசர் பல்கலைக்கழகத்தை ஜெனாவுக்கு மாற்றி, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரையும் கிளம்பச் சொன்னார். லூதர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி. வீட்டிலேயே நோயாளிகள் இருந்தார்கள். பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்த கேள்விக்கு அந்த ஆண்டில் அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் இன்றும் வாசிக்கத் தகுந்தது. காரணம், அதில் அவர் ஒரே வசனத்தை எல்லார் தலையிலும் கட்டவில்லை. மேய்ப்பர்கள் இருக்க வேண்டும், கூலியாள் ஓநாயைக் கண்டு ஓடுவான் என்று யோவான் 10 சொல்கிறது. நகர நிர்வாகிகளும் நீதிபதிகளும் இருக்க வேண்டும். எஜமானும் வேலைக்காரரும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கைவிடக்கூடாது. பொறுப்பு எதுவும் இல்லாதவர், தன் இடத்தில் கவனிக்கப் போதிய ஆள் இருந்தால், போகலாம். அது பாவம் அல்ல. மருந்தை வேண்டாம் என்று தள்ளி, நோய் இருக்கும் இடத்துக்கு வீம்புக்குப் போவது விசுவாசம் அல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பது. தன்னைப் பற்றி அவர் சொல்வது: ஜெபிப்பேன், வீட்டில் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், எடுத்துக்கொள்வேன், நான் தேவைப்படாத இடத்துக்கும் ஆளிடத்துக்கும் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவை என்றால் தயங்காமல் போவேன். கல்லறைத் தோட்டத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. உப்பரிகையில் இயேசு சொன்ன பதிலை ஒரு நகரத்தின் அன்றாட நடைமுறையாக மாற்றி எழுதியது போல இருக்கும் அந்தக் கடிதம்.

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது நம்மிடையே அதிகம் சுற்றிய வசனங்களில் ஏசாயா 26:20 ஒன்று: “என் ஜனமே, நீ போய் உன் அறைக்குள்ளே பிரவேசித்து, உன் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, சினம் கடந்துபோகுமட்டும் கொஞ்சநேரம் ஒளித்துக்கொள்.” ஊரடங்குக்கென்றே எழுதியதுபோல் பொருந்தியது. பொருத்தம்தான் அதன் சிக்கல். கடந்துபோக வேண்டியது என்று அந்த வசனம் சொல்வது ‘சினத்தை’. அடுத்த வசனமே, பூமியின் குடிகளுடைய அக்கிரமத்தை விசாரிக்கக் கர்த்தர் புறப்பட்டு வருகிறார் என்கிறது. அதை வைரஸோடு பொருத்திய நொடியில், தொற்று வந்தவர் அந்தச் சினத்தில் அகப்பட்டவர் ஆகிவிடுகிறார். அனுப்பியவர் யாரும் அப்படி நினைத்து அனுப்பவில்லை, ஆனால் ஐ.சி.யூ. வாசலில் நின்றவர் அப்படித்தான் வாசித்திருப்பார். பூட்டிக்கொள்ள அறையே இல்லாமல் நெடுஞ்சாலையில் மூட்டையோடு சொந்த ஊருக்கு நடந்தவர்களுக்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த காலியான புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பகுதி மாற்கு 4:35–41, கடலில் புயல். நல்ல தேர்வு என்பேன். அந்தப் பகுதியில் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறார்கள். “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று சீஷர்கள் கேட்கும் கேள்விக்கும் அங்கே இடம் இருக்கிறது.

அடுத்தது எரேமியா 29:11. இதில் தமிழ் மொழிபெயர்ப்பே ஒரு சறுக்கலுக்கு இடம் கொடுக்கிறது. பழைய திருப்புதலில் “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று வரும். கேட்பவருக்கு ‘நான் எதிர்பார்க்கிற விசா, நான் எதிர்பார்க்கிற சுகம்’ என்றுதான் படும். எபிரெயுவில் இருப்பது இரண்டு சொற்கள்: பின்வரும் காலம், நம்பிக்கை. பிந்திய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அப்படித்தான் எதிர்காலம், நம்பிக்கை என்று வருகிறது. நாம் எதிர்பார்ப்பதைத் தருவேன் என்ற பொருள் அதில் இல்லை. இன்னொன்று, அங்கே ‘உன்மேல்’ என்று இல்லை, ‘உங்கள்பேரில்’ என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதிய கடிதம் அது. ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும், தமிழில் அடங்காது. ஆங்கிலச் செய்திகளைக் கேட்டு, அதன்படி இந்த வசனத்தைத் தனியாளுக்கு மட்டும் சொல்லும்போது, நம் மொழி நமக்குக் காட்டுவதையே மறைத்துவிடுகிறோம்.

பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஊர் திரும்பப் போவதில்லை. அதனால்தான் ஐந்தாம் வசனம், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. ஏழாம் வசனம் அவர்கள் சிறைப்பட்டுப்போய் இருந்த அந்த நகரத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது. இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று எரேமியாவின் கழுத்து நுகத்தை உடைத்துக் காட்டுகிறான். கேட்க இனிமையாக இருந்தது அனனியாவின் செய்திதான். 1983க்குப் பின் கடல் கடந்து வந்து, கொஞ்ச நாள்தான் என்று நினைத்த தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஈழத்தவருக்கு, இந்த இரண்டு தீர்க்கதரிசிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் காலக் கணக்குகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி என்று மத்தேயு 24ஐ வாசித்து, முடிவு வந்துவிட்டது என்று சொல்பவர்கள் ஒவ்வொரு நெருக்கடியிலும் எழும்புவார்கள். அதே ஆறாம் வசனத்தில் “முடிவு உடனே வராது” என்று இருக்கிறது. அவ்வளவு போதும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள், குமரிக் கடற்கரையில் மீனவ ஊர்கள், மட்டக்களப்பு, முல்லைத்தீவு. ‘யாருடைய பாவம்?’ என்ற கேள்வி தண்ணீர் வடிவதற்குள் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் லூக்கா 13:1–5இல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? அப்படியல்ல என்கிறார் இயேசு. அதற்குப் பின் வரும் ‘மனந்திரும்பாமற்போனால்’ என்ற எச்சரிக்கை, முன்னால் நின்று கேட்கும் உயிருள்ளவர்களைப் பார்த்துச் சொன்னது. அதைத் திருப்பி, இறந்தவர்களின் வாழ்க்கைக்கு விளக்கமாக வாசித்தால், ‘அப்படியல்ல’ என்று அவர் சொன்னதை அழித்துவிட்டு வாசிக்கிறோம்.

சரி, துக்க வீட்டுக்குப் போகிறவர் கையில் பைபிளை எடுத்துப் போனால் எதை வாசிப்பது?

என் தேர்வு சங்கீதம் 13. ஆறே வசனம். மெதுவாக வாசித்தாலும் இரண்டு நிமிஷம் ஆகாது. முதல் இரண்டு வசனமும் முறையீடு: “கர்த்தாவே, எதுவரைக்கும்?” என்று நான்கு முறை கேட்கிறது. அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டும் நம்பிக்கை. பலர் செய்யும் தவறு, முதல் பகுதியை வேகமாகத் தாண்டி ஐந்தாம் வசனத்துக்கு ஓடுவது. ஓடாதீர்கள். இரண்டாம் வசனம் முடிந்ததும் நிறுத்துங்கள். பத்து எண்ணும் நேரம் சும்மா இருங்கள். வீட்டார் அழுதால் அழட்டும். அதற்காகத்தான் அந்த இடைவெளி. வாசித்ததற்கு விளக்கம் வேண்டாம்.

சங்கீதம் 88 இன்னும் கனமானது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. நம்பிக்கையின் திருப்பம் கடைசிவரை வருவதில்லை. அடக்க ஆராதனையில் கூட்டத்துக்கு நடுவே இதை வாசிக்கச் சொல்லமாட்டேன். வந்தவர்கள் எல்லாம் போய், சாப்பாடு கொண்டுவருவதும் நின்றுபோன மூன்றாவது வாரத்தில், ‘என்னால் ஜெபிக்க முடியவில்லை’ என்று சொல்பவரோடு தனியாக உட்கார்ந்து வாசிக்கலாம். ஜெபிக்க முடியாதவரின் ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்று காட்டுவதற்கு.

ரோமர் 8:28ஐ வாசித்தே ஆக வேண்டும் என்றால் 22இலிருந்து தொடங்குங்கள். சிருஷ்டி தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். 26ஆம் வசனத்தில் என்ன வேண்டிக்கொள்வது என்று ‘அறியாமலிருக்கிறோம்’ என்று சொன்ன பிறகுதான் பவுல் 28இல் ‘அறிந்திருக்கிறோம்’ என்கிறார். 36இல் மறுபடி ஒரு புலம்பல் சங்கீதத்தை, 44ஐ, எடுத்துவைக்கிறார். இரண்டு பக்கமும் பெருமூச்சு சூழ்ந்திருக்கும் வசனத்தை அதிலிருந்து அறுத்தெடுத்து, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொன்னால், அவள் காதில் விழுவது பில்தாத்தின் குரல்.

ஒரே பகுதிதான் வாசிக்க நேரம் என்றால், யோவான் 11. லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள் வந்து, “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள் (வசனம் 21). அவளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். பிறகு மரியாள் வந்து பாதத்தில் விழுந்து அதையே சொல்கிறாள் (வசனம் 32). அவளிடம் உபதேசம் எதுவும் இல்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார். வந்து பாரும் என்கிறார்கள். 35ஆம் வசனம்: இயேசு கண்ணீர் விட்டார். கல்லை எடுத்துப்போடச் சொல்வது அதற்கு நாலு வசனம் தள்ளி.